சேமிப்பும் முதலீடும் யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் சட்டக் கேள்விகள்

வங்கி வைப்பு, காப்பீடு, பங்கு, சீட்டு என்று பணத்தைச் சேர்த்து வைக்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்காதவர் இல்லை. ஆனால் தமக்குப் பின் அந்தப் பணம் யார் கைக்குப் போகும், யாருக்குச் சொந்தமாகும், இடையில் சிக்கல் வந்தால் சட்டம் எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் அதற்கு உடைமையாளராகும் உரிமையும் ஒன்றல்ல என்பதை அறியாததால்தான் பெரும்பாலான குடும்ப வழக்குகள் பிறக்கின்றன. கீழ்க்காணும் விடைகள் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. வாரிசுரிமை பற்றிய பகுதிகள் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு உரியவை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்களின் தனிநபர் சட்டமும் பொருந்தும்.

வங்கிக் கணக்கில் நாமினியாக ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவர், அவ்வளவே. நாமினிக்குப் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது; ஆனால் வாங்கியவரின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. உயில் இருந்தால் உயிலின்படியும், இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டத்தின்படியும் உரியவர்களுக்கு அவர் பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவே, பணம் பெற்றவரிடம் மற்றவர்கள் கோரக்கூடிய உரிமை எவ்வகையிலும் பாதிக்கப்படாது என்று சொல்கிறது. காப்பீட்டுத் தொகையைப் பற்றி 1983-இலும், வங்கி வைப்பைப் பற்றி 2010-இலும், கம்பெனிப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையைத்தான் எடுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவர் தம் தாயை நாமினியாகக் குறிப்பிட்டு வங்கிக் கணக்கைத் தொடங்குகிறார். பிறகு திருமணமாகி, இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. நாமினி பெயரை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. உயில் எழுதாமலே அவர் இறக்கும்போது கணக்கில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. வங்கி அந்த 12 லட்சத்தையும் தாயிடம் கொடுக்கும், அதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி தாய்க்கு உரியது 3 லட்சம் மட்டுமே. மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் தலா 3 லட்சம் உரியது. தாய் கொடுக்க மறுத்தால், மருமகள் மாமியார் மீது வழக்குத் தொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதையே திருப்பிப் பாருங்கள்: மனைவி நாமினியாக இருந்தாலும், வயதான தாயின் 3 லட்சம் அவருக்கு உரியதே. நடைமுறையில் பெரும்பாலும் ஏமாற்றப்படுவது இந்த இரண்டாவது நிலையில் இருக்கும் தாய்தான். தமக்குப் பங்கு உண்டு என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆயுள் காப்பீட்டிலும் இதே விதிதானா?

முழுவதும் அல்ல. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாலிசிதாரர் தம் உயிரின் மீது எடுத்த பாலிசியில் பெற்றோரையோ கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ நாமினியாக்கினால், அவர்கள் அந்தத் தொகையின் பயனுக்கே உரியவர்கள் என்று காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, நண்பர் போன்றோர் நாமினியாக இருந்தால் பழைய விதியே பொருந்தும். அவர்கள் பெற்றுக் கொடுப்பவர்கள் மட்டுமே. ஆகவே காப்பீட்டில் நாமினியின் பெயர், வங்கிக் கணக்கைவிட அதிக எடை கொண்டது. அதை அலட்சியமாக நிரப்பக் கூடாது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குடும்பம் உள்ள உறுப்பினர், குடும்பத்தினர் என்று அத்திட்டம் வரையறுப்பவர்களைத்தான் நாமினியாக்க முடியும். குடும்பம் இல்லாத நிலையில் வேறொருவரை நியமித்திருந்தால், குடும்பம் அமைந்தவுடன் அந்த நியமனம் தானாகவே செல்லாமல் போய்விடும். திருமணமான ஒவ்வொருவரும் புதிய நியமனத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

வங்கியில் ஒருவருக்கு மேல் நாமினி வைக்க முடியுமா?

முடியும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று பிரித்தும் கொடுக்கலாம். முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் என்ற வரிசையிலும் கொடுக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசை முறை மட்டுமே உண்டு. நான்கு பெயர்களை எழுதிவிட்டால் உயில் எழுதியதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதல் விடையில் சொன்ன நிலை இங்கும் மாறவில்லை. ஆனால் சட்டப்படியான வாரிசுகளையே உரிய விழுக்காட்டில் நாமினிகளாக்கிவிட்டால், ஒருவர் பெற்று மற்றவருக்குத் தர வேண்டிய சங்கடமே எழாது. அந்த வகையில் இது மிகவும் பயனுள்ள மாற்றம்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கு இருந்தால், ஒருவர் இறந்த பின் மற்றவருக்கு முழுப் பணமும் சேருமா?

'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற ஏற்பாட்டில் கணக்கு தொடங்கப்பட்டிருந்தால், உயிருடன் இருப்பவரிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் அந்த ஏற்பாடு வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது. பணம் முழுவதும் இறந்தவரின் சம்பாத்தியம் என்றால், மற்ற வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்கலாம். முழுப் பணமும் துணைவருக்கே சேர வேண்டும் என்று விரும்பினால், அதை உயிலில் எழுதி வைப்பதே உறுதியான வழி.

தந்தை இறந்துவிட்டார். அவருடைய ஏடிஎம் அட்டையும் கடவு எண்ணும் எங்களிடம் இருக்கின்றன. ஈமச் செலவுக்குப் பணம் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. துக்க வீட்டில் பணம் தேவைப்படும் நேரத்தில் இப்படிச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கை இயக்க அவர் தந்த அனுமதி அவருடைய உயிருடன் முடிந்துவிடுகிறது. பவர் பத்திரமும் அப்படியே. எழுதிக் கொடுத்தவர் இறந்தவுடன் அது பொதுவாக முடிவுக்கு வந்துவிடும். நல்ல எண்ணத்தில் எடுத்த தொகையைக் கூட, பின்னால் பங்கு கேட்கும் சகோதரர் ஒருவர் களவாகச் சித்திரிக்க முடியும். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் உரிமைகோரல் படிவமுமே போதும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த 15 நாள்களுக்குள் வங்கி இத்தகைய கோரிக்கையைத் தீர்த்துவைக்க வேண்டும். காலதாமதம் வங்கியின் பக்கம் நேர்ந்தால் அதற்கு ஈடு தரவும் வேண்டும்.

நாமினியும் இல்லை, உயிலும் இல்லை. வங்கி நீதிமன்றச் சான்றிதழ் கேட்கிறது. தாசில்தார் தந்த வாரிசு சான்றிதழ் போதாதா?

இரண்டும் வெவ்வேறு. தாசில்தார் தருவது, இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசுகள் என்று உறவைக் காட்டும் சான்று. நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பத்தாம் பாகத்தின்படி தருவதோ, இறந்தவருக்கு வர வேண்டிய கடன்களையும் பங்கு, பத்திரம் போன்றவற்றையும் வசூலிக்கும் அதிகாரத்தை ஒருவருக்கு வழங்கும் சான்று. தொகை பெரியதாக இருந்தாலும், வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலும் இரண்டாவது தேவைப்படும். ஆனால் எல்லாத் தொகைக்கும் அது தேவையில்லை. மேற்சொன்ன 2025 நெறிமுறைகள், வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும் எளிய நடைமுறையை வகுத்திருக்கின்றன. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் ஈட்டுறுதிப் பத்திரமும் (வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடு செய்வதாக எழுதித் தருவது) வாரிசு சான்றிதழும் அங்கே போதுமானவை. கிளையில் மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனே பல மறுப்புகள் தளர்ந்துவிடுகின்றன.

உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியம் எப்படிப் பிரியும்?

முதல் வகுப்பு வாரிசுகளான மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். மகளுக்குத் திருமணமாகிவிட்டதா, எத்தனை பவுன் போட்டீர்கள், சீர் செய்தாயிற்றா என்பவற்றுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகள், தம் பெற்றோரின் பங்கைப் பெறுவார்கள். தந்தை இரண்டாம் வகுப்பில் வருபவர் என்பதால், முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குப் பங்கு கிடையாது. வயதான தந்தையைப் பராமரித்துவரும் மகன்கள் இதை அறிந்து, அவருக்கு ஏதேனும் சேர வேண்டுமென்றால் உயிலில் எழுத வேண்டும்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 1989-இலேயே மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. மத்திய அரசின் சட்டம் 2005-இல் நாடு முழுவதும் அதை விரிவுபடுத்தியது.

பெண் ஒருவர் தாமே சம்பாதித்துச் சேர்த்த பணம், அவருக்குப் பின் யாருக்குப் போகும்?

இந்தக் கேள்வியைப் பெண்கள் கட்டாயம் கேட்டாக வேண்டும். ஒரு பெண்ணின் சம்பாத்தியத்துக்கு அவரே முழு உடைமையாளர் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. உயிருடன் இருக்கும்வரை கணவருக்கோ மாமனாருக்கோ அதில் எந்த உரிமையும் இல்லை. சீதனமாக வந்த நகைகளும் பொருள்களும் மனைவியின் முழு உடைமையே, கணவருக்கு அதில் கூட்டு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

சிக்கல் இறப்புக்குப் பிறகு தொடங்குகிறது. உயில் இல்லாவிட்டால் 15-ஆவது பிரிவின்படி முதலில் மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோருக்குப் பணம் செல்லும். அவர்கள் எவரும் இல்லையென்றால், அடுத்த இடம் கணவரின் வாரிசுகளுக்கு. பெண்ணைப் பெற்ற தாயும் தந்தையும் அதற்கும் பின்னால்தான் வருகிறார்கள். இதன் கொடுமையை 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு காட்டும். 1955-இல் மணமான ஒரு பெண் மூன்று மாதங்களுக்குள் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினர். பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் படித்து, வேலைக்குச் சென்று, வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெருந்தொகை சேர்த்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவரைப் படிக்க வைத்து ஆளாக்கிய பிறந்த வீட்டாருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. கணவருடைய சகோதரியின் மகன்களுக்கே அது உரியது என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது இரக்கத்தை வைத்து அதை மாற்ற முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. இந்தப் பிரிவு மாற்றப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை, ஒரே பக்கத்தில் எழுதிய உயில்கூட இந்த நிலையைத் தடுத்துவிடும்.

தாய் தந்தையரிடமிருந்து மரபுரிமையாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாத நிலையில் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சம்பளத்தில் சேர்த்த பணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டுமா? பதிவு செய்தே ஆக வேண்டுமா?

இரண்டும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதிய உயிலும் செல்லும். எழுதுபவர் 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். அவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்தால் போலி என்ற குற்றச்சாட்டை எதிர்கொள்வது எளிதாகும் என்பதால், தகராறு எழக்கூடிய குடும்பங்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. அதற்குக் கால வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். பின்னொரு நாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம் என்பதால், உங்களைவிட இளையவர்களையும் உயிலால் எந்தப் பயனும் பெறாதவர்களையும் சாட்சிகளாக வையுங்கள். கணக்கு எண், பாலிசி எண், டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 'என் சொத்துகள் அனைத்தும்' என்ற ஒற்றை வரி சட்டப்படி செல்லும் என்றாலும், எங்கே என்ன இருக்கிறது என்று தேடி அலைவது உங்கள் பிள்ளைகளே.

முஸ்லிம்கள், மற்ற வாரிசுகளின் இசைவின்றி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

மரபுரிமையாக வந்த பணத்துக்கு வரி உண்டா?

இல்லை. மரணச் சொத்து வரி 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டது; மரபுரிமையாக வந்த தொகை வருமானமாகவும் கருதப்படுவதில்லை. வந்த பிறகு அது ஈட்டும் வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் விற்பனை லாபத்துக்கும் நீங்கள் வரி செலுத்த வேண்டும்.

தந்தை வாங்கிய கடனை நான் கட்ட வேண்டுமா?

அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு எவ்வளவோ, அந்த அளவுக்கு மட்டுமே. எதுவும் வரவில்லையென்றால் உங்கள் சம்பளத்தையோ நீங்களே வாங்கிய வீட்டையோ கடன் கொடுத்தவர் தொட முடியாது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய கோட்பாட்டை, 2005-க்குப் பிந்திய கடன்களுக்கு நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சட்டமே தடுத்துவிட்டது. ஆனால் நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையொப்பமிட்டிருந்தால் நிலைமை வேறு. அது உங்கள் சொந்தப் பொறுப்பு. வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்றும், மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. தந்தையை இழந்த வீட்டு வாசலில் வந்து நின்று சத்தமிடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. தேதி, நேரம், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

தொழிலில் கடன் ஏற்பட்டாலும் மனைவி மக்களுக்கான பணத்தைக் கடன்காரர்கள் தொடாதபடி வைக்க வழி உண்டா?

உண்டு, 150 ஆண்டுகளாகவே உண்டு. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, ஒருவர் தம் உயிரின் மீது மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ என்று குறிப்பிட்டு எடுக்கும் பாலிசி, அவர்களின் நன்மைக்கென்றே வைக்கப்படும் ஓர் அறக்கட்டளையாக (டிரஸ்ட்) மாறிவிடுகிறது. அது அவருடைய சொத்தில் சேராது. கடன்காரர்கள் அதை ஜப்தி செய்ய முடியாது. கடன்காரர்களை ஏமாற்றும் எண்ணத்துடன் எடுக்கப்பட்டதென்று நிரூபணமானால், பாலிசித் தொகையிலிருந்தே அவர்கள் தம் கடனைக் கோரலாம். பாலிசி எடுக்கும்போதே இதற்கான விண்ணப்பத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; பிறகு பாலிசிதாரர் நினைத்தாலும் பயனாளிகளை மாற்ற முடியாது. சொந்தத் தொழில் செய்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கருதிப் பார்க்காமல் பாலிசி எடுக்கக் கூடாது என்பேன்.

பொது வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, அரசு ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றையும் தனியார் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது.

குழந்தையின் பெயரில் முதலீடு செய்யத் தந்தையின் கையொப்பம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை, தாயும் காப்பாளராகலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984-இல் ஒரு தம்பதியர் தங்கள் சிறுவயது மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தனர். இருவரும் சேர்ந்து முடிவு செய்தபடி தாய் காப்பாளராகக் கையொப்பமிட்டார். தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்று காப்பாளர் சட்டம் சொல்வதற்கு, தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. அவர் பொறுப்பில் இல்லாத நிலைகளையும் அது குறிக்கும் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

குழந்தையின் பெயரில் போட்ட பணம் குழந்தைக்குச் சொந்தமானது. காப்பாளர் அதைக் குழந்தையின் நலனுக்காக மட்டுமே பயன்படுத்தலாம். மணமுறிவு வழக்குகளில் இந்தப் பணத்தைத் தமதாகக் கருதி எடுத்துவிடும் பெற்றோர், பின்னர் கணக்குச் சொல்ல வேண்டி வரும்.

வங்கியே மூழ்கிவிட்டால் என் வைப்புத்தொகை என்னாகும்?

வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அசலும் வட்டியும் சேர்த்து, பாதுகாப்பு அளிக்கிறது. 2020 பிப்ரவரி 4-க்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகக் கூட்டியே கணக்கிடுவார்கள். வெவ்வேறு வங்கிகளில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் மீது முழுக் கட்டுப்பாடு விதித்தால், 90 நாள்களுக்குள் இந்தத் தொகையை வழங்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகளல்லாத நிதி நிறுவனங்களில் போட்ட வைப்புக்கும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கும், பரஸ்பர நிதிக்கும் இந்தக் காப்பீடு இல்லை. கூடுதலாக ஓரிரு விழுக்காடு வட்டிக்காக ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போடும் முதியவர்களிடம், அருகில் இருப்பவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பழைய பாஸ்புக் ஒன்று கிடைத்தது. பல ஆண்டுகளாக யாரும் கணக்கைத் தொடவில்லை. பணம் போய்விட்டதா?

போகவில்லை. பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். ஆனால் உரிமை அழிவதில்லை. கணக்குதாரரோ வாரிசுகளோ எப்போது வேண்டுமானாலும் அதே வங்கியை அணுகித் திரும்பப் பெறலாம். பல வங்கிகளில் உள்ள கேட்பாரற்ற வைப்புகளை ஒரே இடத்தில் தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பங்குகளில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாவிட்டால், அந்த ஈவுத்தொகையும் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும்; விண்ணப்பித்து மீட்கலாம். காப்பீட்டுத் தொகைக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பத்து ஆண்டுகள் கோரப்படாமல் மூத்த குடிமக்கள் நல நிதிக்குச் சென்ற பின், 25 ஆண்டுகளுக்குள் கோராவிட்டால் உரிமை முடிந்துவிடும்.

என் கணக்கிலிருந்து யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள். வங்கி பொறுப்பேற்குமா?

எப்படி நடந்தது, எவ்வளவு விரைவாகச் சொன்னீர்கள் என்பவற்றைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை ஆணைப்படி, குறை வங்கியிடம் இருந்தால் நீங்கள் ஒரு ரூபாயும் இழக்க வேண்டியதில்லை. குறை உங்களிடமும் இல்லாமல் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் முழுத் தொகையும் திரும்பும். நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால் இழப்பில் ஒரு வரம்புக்குட்பட்ட பகுதியை நீங்கள் ஏற்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது; தெரிவித்த பின் நடப்பது வங்கியுடையது. அதனால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல், அந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் மோசடிக்காரரின் கணக்கைவிட்டு வெளியேறும் முன் முடக்கப்பட்டால்தான் மீட்பது எளிது.

நீங்களே எண்ணைத் தவறாக உள்ளிட்டு வேறொருவருக்கு அனுப்பிவிட்டால், அவருடைய சம்மதமின்றி வங்கி எடுத்துத் தர முடியாது. ஆனால் தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர அவர் ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி கடமைப்பட்டவர்.

தெரிந்தவர் நடத்தும் சீட்டில் சேரலாமா? மாதம் பெரும் வட்டி தருவதாகச் சொல்லும் திட்டங்களில் போட்ட பணம் திரும்புமா?

1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியும் பதிவும் பெற்ற சீட்டே சட்டப்படியானது. அதில் நடத்துபவர் பிணைத்தொகை கட்டியிருக்க வேண்டும். அவருடைய கமிஷன் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தகராறு எழுந்தால் சீட்டுப் பதிவாளரிடம் முறையிடலாம். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் ஏலச் சீட்டு ஆகியவற்றில் இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. நம்பிக்கை மட்டுமே அங்கே ஆவணம். சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு தவணைக்கும் கையொப்பமிட்ட ரசீதாவது வாங்குங்கள். வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

நிதி நிறுவனம் ஏமாற்றியிருந்தால், தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997 உங்களுக்கு உதவும். நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியே விற்று, முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க அது வகை செய்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறையிடம் புகார் செய்ய வேண்டும். மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் உண்டு. ஆனால் முடக்கப்பட்ட சொத்து விற்பனையாகிப் பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. முகவராகச் செயல்பட்டு உறவினர்களைச் சேர்த்துவிட்டவர்களும் குற்றவாளிப் பட்டியலில் இடம்பெறக்கூடும். கமிஷனுக்காகத் தம் சொந்தக்காரர்களை அழைத்துச் செல்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வைப்புத்தொகை போட வங்கிக்குப் போனேன். காப்பீட்டுப் பாலிசியைத் தலையில் கட்டிவிட்டார்கள். என்ன செய்வது?

பாலிசி ஆவணம் கிடைத்த 30 நாள்களுக்குள் காரணம் சொல்லித் திருப்பித் தரலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தங்கள் போக மீதித் தொகை வந்துவிடும். ஆவணம் வந்த நாளிலேயே திறந்து படிப்பது அவசியம். இன்னொரு செய்தியும் அறியத்தக்கது: பாலிசி தொடங்கியோ புதுப்பிக்கப்பட்டோ மூன்று ஆண்டுகள் கடந்த பின், விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தார் என்று எந்தக் காரணம் காட்டியும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொல்கிறது.

புகாரை எங்கே கொடுப்பது? வழக்கறிஞர் வேண்டுமா?

முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை எண் பெறுங்கள். வங்கி 30 நாள்களுக்குள் விடை தராவிட்டாலோ விடை நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. பங்கு, பரஸ்பர நிதி தொடர்பானவற்றை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம்; நிறுவனம் 21 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். காப்பீட்டுக்குத் தனிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. இவை எதற்கும் வழக்கறிஞர் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் நீங்களே வாதாடலாம், ஆனால் சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். வாரிசுரிமைத் தகராறுகளுக்கும் உயில் வழக்குகளுக்கும் வழக்கறிஞரின் துணை அவசியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அந்த அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.